தாளம் தவறிய நெஞ்சம்

தோற்றுவாய்

உடல்நலத்தோடு வாழும் ஒருவன் தன் இதயத்தைப்பற்றி நினைப்பதே இல்லை. அஃது இரவும் பகலும் ஓயாமல், நாளொன்றுக்கு ஏறக்குறைய ஓரிலக்கம் முறை துடித்துக்கொண்டிருப்பினும், அத்துடிப்பு அவன் செவிக்கு எட்டுவதுமில்லை, சிந்தைக்கு எட்டுவதுமில்லை. என்று அதன் தாளம் தவறுகின்றதோ அன்றே பலர் அதனை அறியத் தொடங்குகின்றனர். சிலரோ அப்பொழுதும் அறியார். அறியாமலே பெருங்கேட்டிற்கு ஆளாவர். அங்ஙனம் தாளம் தவறுதலும், அதனோடு பலகால் இணைந்து வரும் இதயத் தளர்ச்சியும் எத்தன்மையன, அவற்றோடு ஒருவர் எவ்வாறு வாழ்தல் கூடும், பலவாகச் சொல்லப்படும் சிகிச்சைகளுள் கொள்ளத்தக்கது யாது தள்ளத்தக்கது யாது என்று எங்ஙனம் எடைபோடுவது என்பவற்றை எனக்கு எட்டிய அளவில் ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

தமிழ் பயிலும் மாணவனுக்கு மருத்துவ ஆராய்ச்சி எற்றுக்கு என நண்பர் வினவலாம். காரணம் என் வீட்டிலேயே உளது. என் பாட்டனார் 72 வயதினர். 35 ஆண்டு கிராமப் பள்ளியில் ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். நாடோறும் காலையில் திண்ணையில் அமர்ந்து செய்தித்தாளை உரக்கப் படிப்பது அவர் வழக்கம். கண் மங்கிய அண்டை வீட்டு முதியோர் இருவர் அதனைக் கேட்பதற்கென்றே வந்து உட்காருவர். சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள், படித்துக்கொண்டிருந்தவர் திடீரென நிறுத்தினார். வாய் அசைந்தது; சொல் வரவில்லை. வலக்கையினின்றும் தாள் நழுவி வீழ்ந்தது. அரைமணி நேரத்திற்குள் பேச்சு மீண்டதாயினும், அவ்வரைமணி நேரம் எங்கள் குடும்பத்தார்க்கு ஓர் ஊழியாயிற்று.

மருத்துவமனையில் ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. ஓராண்டிற்கு முன்னரே ஒரு மருத்துவர் அவர் நாடி ஒழுங்கற்றிருப்பதைக் கண்டு மாத்திரை கொடுத்திருந்தார். அதனைத் தின்றதனால் யாதொரு வேறுபாடும் தோன்றாமையின், டப்பா தீர்ந்ததும் பாட்டனார் தாமே நிறுத்திவிட்டார். மாலையில் கால் வீங்கியதையும், படுத்தால் மூச்சு முட்டிச் சாய்வு நாற்காலியிலேயே உறங்கியதையும் முதுமையின் குறி என்று நாங்களும் வாளாவிருந்துவிட்டோம். அவ்வறியாமைக்குக் கழுவாயாகவே யான் இப்பொருளைக் கற்கலானேன்.

இதயத்தின் இயல்பு

இதயத்தினுள் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு அறைகள் உள. மேலறைகள், உடலினின்றும் நுரையீரலினின்றும் மீண்டுவரும் குருதியை ஏற்றுக் கீழறைகட்கு ஊட்டுவன. கீழறைகள் அதனை விசையோடு வெளியே செலுத்துவன. இவை முறைபிறழாது இயங்குதற்கு மின்னாணை ஒன்று வேண்டும். வலப்பக்க மேலறையின் உச்சியிலுள்ள ஒரு சிறு திசுமுடிச்சே அவ்வாணை பிறக்குமிடம். நாம் ஓய்ந்திருக்கும்போது நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை ஆணைகள் அங்கிருந்து எழுகின்றன. மேலறைகட்கும் கீழறைகட்கும் இடையே மற்றொரு முடிச்சு வாயில்காவலன் போல நின்று, வரும் ஆணையைச் சற்றே தாழ்த்திக் கீழே விடுகின்றது. அத்தாழ்ப்பினாலன்றோ மேலறை தன் குருதியைக் கொடுத்து முடித்த பின்னரே கீழறை சுருங்குகின்றது!

இனி, இவ்வொழுங்கு குலைவது எங்ஙனம்? முதுமை, நெடுநாள் இரத்தக் கொதிப்பு, வால்வுக் கோளாறு, தைராய்டு மிகுதி, மதுப்பழக்கம் முதலியவற்றால் மேலறைத் தசை விரிந்தும் தழும்பேறியும் போகுமாயின், ஓரிடத்தினின்று பிறக்கவேண்டிய ஆணை பலவிடங்களினின்றும் ஒருங்கே பிறக்கின்றது. நிமிடத்திற்கு 350 முதல் 600 வரை எழும் அவ்வாணைகளால் மேலறை சுருங்கமாட்டாது காற்றிற்பட்ட அரசிலை போல உதறுகின்றது. இதனையே மருத்துவர் ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்பர். யாம் மேலறை உதறல் என்று வழங்குவோம். வாயில்காவலன் அத்துணை ஆணைகளையும் உள்ளே விடானாயினும், விடுவனவற்றுக்கும் ஒரு முறையில்லை. ஆதலின் நாடி விரைந்தும் தாழ்ந்தும், வலிதாயும் மெலிதாயும், எவ்வகைத் தாளத்திற்கும் அடங்காது ஓடுகின்றது. சில துடிப்புகள் மணிக்கட்டை எட்டுவதற்குள் மாய்ந்தே போகின்றன.

இதனால் விளையும் தீங்குகள் மூன்று. சுருங்காத மேலறையில் குருதி தேங்கி உறைதல் ஒன்று. கீழறை ஓய்வின்றி விரைந்து துடித்துச் சோர்தல் மற்றொன்று. மேலறையின் இறுதி உந்துதலால் கீழறைக்குக் கிடைத்துவந்த ஐந்திலொன்றோ நான்கிலொன்றோ ஆன குருதி கிடையாமற்போதல் மூன்றாவது. இம்மூன்றையும் வேறுவேறாக மனத்திற் கொள்ளல் இன்றியமையாதது; பின்வரும் ஆராய்ச்சி முழுதும் இப்பாகுபாட்டின்மேல் நிற்பதாகும்.

இதயத் தளர்ச்சி என்பது யாது? ஹார்ட் பெயிலியர் என்னும் பெயரைக் கேட்டோர், இதயம் நின்றுவிட்டது போலும் என்று நடுங்குவர். அஃதங்ஙனமன்று. உடலுக்கு வேண்டும் அளவு குருதியைச் செலுத்தும் வலி இதயத்திற்குக் குறைந்தது என்பதே அதன் பொருள். நலமுற்ற இடக்கீழறை தன்னுள் நிரம்பும் குருதியில் நூற்றுக்கு ஐம்பத்தைந்துக்கு மேற்பட்ட பங்கை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும். என் பாட்டனார்க்கு எக்கோ பரிசோதனையில் அஃது 35 ஆக இருந்தது. குருதி குறையக் கண்ட சிறுநீரகம், உடலில் நீர் வற்றியது என்று மயங்கி, உப்பையும் நீரையும் தடுத்து வைக்கின்றது. அந்நீரே காலில் வீக்கமாயும் நுரையீரலில் மூச்சுத்திணறலாயும் தோன்றுகின்றது.

இவ்விரு நோய்களும் விதையும் மரமும் போல ஒன்றையொன்று பிறப்பிப்பன. உதறலின் விரைவால் இதயம் தளர்கின்றது. தளர்ந்த இதயத்துள் அழுத்தம் மிகுந்து மேலறை விரிய, உதறல் வேரூன்றுகின்றது. இவற்றுள் எது முந்தியது என்று துணிதல் பலகால் அரிது. ஆயினும் ஓர் ஆறுதல் உண்டு. விரைவினாலேயே தளர்ந்த இதயம், விரைவு அடங்கினால் மீண்டும் வலிபெறுதலும் உண்டு.

மருந்துகளின் வரலாறு

இந்நோய்க்குரிய மருந்துகளின் வரலாறு கதைபோற் சுவையுடையது. இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் நாட்டுப்புறத்து மூதாட்டி ஒருத்தி, உடல்வீக்க நோய்க்குப் பச்சிலைக் கலவை ஒன்றைக் குடும்ப இரகசியமாக வைத்திருந்தாள். வில்லியம் விதரிங் என்னும் மருத்துவர் 1775-ஆம் ஆண்டு அதனைக் கேள்வியுற்று, இருபதோ அதற்கு மேற்பட்டனவோ ஆகிய அம்மூலிகைகளுள் பயன்தருவது பாக்ஸ்கிளவ் என்னும் பூஞ்செடியே என்று தேர்ந்தார். பத்தாண்டு பயின்றபின் 1785-இல் அதனைப்பற்றி நூல் வெளியிட்டார். குணமுற்றோரை மட்டுமன்றி, குணமுறாதோரையும் அளவு மிஞ்சித் துன்புற்றோரையும் அவர் மறையாது எழுதினார். அச்செடியினத்தினின்று பிறந்த டிஜாக்சின் இன்றும் வழங்குகின்றது.

ஹாலந்தில் லைடன் நகரத்துப் பேராசிரியர் ஐந்தோவன், இதயத்தின் மின்னோட்டத்தை வரைந்து காட்டும் கருவியைச் செம்மையுற அமைத்து, 1906-இல் இவ்வுதறலின் வரைவையும் வெளியிட்டார். 1924-இல் நோபெல் பரிசு பெற்றார். இன்று சிற்றூர் மருத்துவமனையிலும் காணப்படும் ஈசிஜி அதன் வழித்தோன்றலே.

குருதியுறைவைத் தடுக்கும் வார்பரினின் வரலாறு இன்னும் வியப்புடையது. 1920-களில் வட அமெரிக்காவில், பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் புல்லைத் தின்ற மாடுகள் சிறு காயத்திற்கும் குருதி நில்லாது மாண்டன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக் கார்ல் லிங்க் என்பாரின் ஆய்வகத்தில் 1939-இல் அதற்குக் காரணமான பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் இனமாகிய வார்பரின் 1948-இல் எலிநஞ்சாக விற்பனைக்கு வந்து, 1954-இல் மனிதர்க்கு மருந்தாயிற்று. மறு ஆண்டே அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் மாரடைப்புற்றபோது அவர்க்கும் அது கொடுக்கப்பட்டது. நஞ்சும் மருந்தும் அளவினாலன்றோ வேறுபடுகின்றன!

மூன்று வினாக்கள்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயுற்றோனது அளவையும் நோயினது அளவையும் காலத்தையும் கருதியே மருத்துவன் செயலாற்றவேண்டும் என்று வகுத்தார். இந்நோய்க்கு அவ்விதி பெரிதும் பொருந்துவது. ஏனெனில், ஈண்டு எல்லார்க்கும் ஒக்கும் ஒரு மருந்து இல்லை. மேற்கூறிய மூன்று தீங்குகட்கும் ஏற்ப மூன்று வினாக்கள் உள. உறைவைத் தடுப்பது எப்படி? விரைவை அடக்குவது எப்படி? தாளத்தை மீட்க முயல்வதா, விடுவதா? இவற்றுள் ஒன்றற்குரிய விடையை மற்றொன்றற்கும் விடையாகக் கருதுவதே மக்கள் செய்யும் பெரும்பிழை.

முதல் வினாவைக் காண்போம். மேலறை உதறல் உடையார்க்கு மூளையில் குருதியடைப்பால் வரும் பக்கவாதம், இல்லாதாரினும் ஏறக்குறைய ஐந்து மடங்கு மிகுதி. வால்வு நோயில்லாதாருள் உறைகட்டிகளிற் பெரும்பான்மையன இடமேலறையின் ஓரத்தில் பை போல நீண்டிருக்கும் சிறுமூலையிற் பிறக்கின்றன. யார்க்கு இவ்வபாயம் மிகுதி என்று அறிய மருத்துவர் மதிப்பெண் இடுவர். இதயத் தளர்ச்சிக்கு 1, இரத்தக் கொதிப்புக்கு 1, நீரிழிவுக்கு 1, 65 முதல் 74 வரை வயதிற்கு 1, 75-க்கு மேல் 2, முன்னர்ப் பக்கவாதமோ அதன் தற்காலிகச் சாயலோ வந்திருப்பின் 2, என இங்ஙனம் அது கூட்டப்படும். என் பாட்டனார்க்கு அக்காலைக்கு முன்னரே 3 இருந்தது. பின்னர் 5 ஆயிற்று. மாணாக்கர்க்கு மதிப்பெண் இட்டே வாழ்நாளைக் கழித்த அவர், 'குறைவாக வாங்குவதே நல்லது என்னும் தேர்வை இப்போதுதான் காண்கின்றேன்' என்று நகைத்தார்.

வார்பரின் இப்பக்கவாதத்தை ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு குறைப்பது. பலர் நம்பும் ஆஸ்பிரினோ ஐந்திலொரு பங்கே குறைப்பது. ஆயின் வார்பரினை உண்போர் அடிக்கடி ஐ.என்.ஆர். என்னும் குருதிச் சோதனை செய்து, அவ்வெண் 2-க்கும் 3-க்கும் இடையே நிற்குமாறு காத்தல் வேண்டும். கீரையை ஒருநாள் மிக உண்பதும் மறுவாரம் விடுவதும் அவ்வெண்ணைக் குலைக்கும். கீரையை ஒழிக்கவேண்டுவதில்லை, அளவு மாறாதிருத்தலே வேண்டுவது. அபிக்சாபான் முதலிய புதுமருந்துகட்கு அத்தகைய சோதனை வேண்டா. 2011-இல் வெளியான, 18,201 பேரைக் கொண்ட ஆராய்ச்சி ஒன்றில், அபிக்சாபான் வார்பரினினும் பக்கவாதத்தையும் பெருங்குருதிப்போக்கையும் குறைத்தமை கண்டனர். எனினும் இவையும் எல்லார்க்கும் உரியனவல்ல. செயற்கை உலோக வால்வு பொருத்தப்பட்டார்க்கு வார்பரினே தக்கது. இளமையில் வாதக்காய்ச்சல் கண்டு இதய வால்வு சுருங்கியோர் நம் நாட்டில் இன்னும் பலர் உளர். அத்தகையாரை வைத்து 2022-இல் வெளியான பெரிய ஆராய்ச்சியில் ரிவராக்சபானினும் வார்பரின் வகையே உயிர்காப்பதாகக் காணப்பட்டது. பழையது என்பதனால் ஒன்று தாழ்ந்ததாகிவிடாது.

குருதிப்போக்கு என்னும் அச்சம் பொய்யன்று. ஈறிற் கசிவும், சிறு அடிக்குப் பெரிய கன்றலும், அரிதாக வயிற்றிலோ மூளையிலோ குருதிக்கசிவும் நேரலாம். சிறுநீரகத்தின் வலியறிந்து அளவைக் குறைத்தலும், இரத்தக் கொதிப்பை அடக்கலும் இவ்விடரைக் குறைக்கும். இம்மருந்துகளை ஒருவாற்றானும் உண்ண இயலாதார்க்கு, மேலறையின் அச்சிறுமூலையை ஒரு மூடியால் அடைத்துவிடும் முறையும் உண்டு. ஒருபுறம் குருதிப்போக்கும் மறுபுறம் பக்கவாதமும் வைத்து எடைபோடுங்கால், 5 மதிப்பெண் பெற்றார்க்குத் தட்டு எப்பக்கம் தாழும் என்பது தெளிவு. இம்மருந்தின் இடர்ப்பாடு யாதெனில், இது நன்றாக வேலை செய்யும்போது யாதும் தோன்றுவதில்லை. வலி நீக்கும் மருந்தை உண்டவன் பயனை உணர்வான். வாராத பக்கவாதத்தை உணர்வார் யார்? பாட்டனார் ஏமாந்தது இவ்விடத்தேதான்.

இரண்டாம் வினா எளிது. பீட்டா தடுப்பு மருந்துகளும் டிஜாக்சினும் வாயில்காவலனை இறுக்கி விரைவைத் தணிப்பன. ஓய்வில் நாடி நிமிடத்திற்கு 110-க்குக் கீழ் நிற்பின் தொடக்கத்திற்குப் போதும் என்பதற்கு 2010-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று சான்று. மருந்தினால் அடங்காவிடின் பேஸ்மேக்கர் பொருத்தி, வாயில்காவலனையே அழித்துவிடும் வழி உண்டு. அதன்பின் அவர் என்றும் அக்கருவியையே நம்பி வாழ்பவர் ஆதலின், அது முதலிற் செய்யத்தக்கதன்று.

மூன்றாம் வினாவே அரியது. தாளத்தை மீட்க மூன்று வழிகள் உள. மயக்கங்கொடுத்து மார்பில் மின்னதிர்ச்சி அளித்தல் ஒன்று. அதற்குமுன் மூன்று வாரமேனும் குருதியுறைவுத் தடுப்பு மருந்து உண்டிருத்தலோ, உணவுக்குழாய் வழியாக எக்கோ செய்து மேலறையில் கட்டியில்லை என்று தெளிதலோ வேண்டும்; இன்றேல் தாளம் மீளும் கணத்திலேயே கட்டி பெயர்ந்து மூளைக்குச் செல்லக்கூடும். அமியோடரோன் முதலிய மருந்துகள் மற்றொன்று. தளர்ந்த இதயத்திற்கு ஏற்ற மருந்துகள் இவ்வகையிற் சிலவே. அமியோடரோனும் தைராய்டு, நுரையீரல், ஈரல் இவற்றைக் கெடுத்தல் கூடுமாதலின் இடையறாக் கண்காணிப்பு வேண்டும். மூன்றாவது அப்லேஷன். தொடையிலுள்ள இரத்தக்குழாய் வழியே மெல்லிய கம்பியைச் செலுத்தி, குழப்பம் பிறக்கும் இடத்தைச் சுட்டோ உறையவைத்தோ தழும்பாக்குவது அது. பிரான்சு தேசத்துப் போர்தோ நகரில் ஹைசகேர் என்பாரும் அவர் துணைவரும், நுரையீரலினின்று மேலறைக்கு வரும் சிரைகளின் வாயிலே அக்குழப்பத்தின் பிறப்பிடம் என்று 1998-இல் காட்டியபின் இம்முறை பரவியது.

தாளத்தை மீட்டால் ஆயுள் நீளுமோ? பல்லாண்டு மருத்துவர் ஆம் என்றே நம்பினர். 2002-இல் 4,060 பேரைக் கொண்ட அமெரிக்க ஆராய்ச்சி, மருந்தினால் தாளத்தை மீட்பவரும் விரைவை மட்டும் அடக்குபவரும் உயிர்வாழ்வில் ஒப்பாரே என்று காட்டியது. இதயத் தளர்ச்சி உடையாரிடத்தும் 2008-இல் அதுவே கண்டனர். பின்னர், 2018-இல் வெளியான காசில் என்னும் ஆராய்ச்சி தராசை மறுபுறம் சாய்த்தது. தளர்ந்த இதயமுடைய 363 பேருள், அப்லேஷன் செய்யப்பட்டாரில் நூற்றுக்கு 28.5 பேர்க்கும், மருந்து மட்டும் உண்டாரில் நூற்றுக்கு 44.6 பேர்க்கும் மரணமோ தளர்ச்சி முற்றி மருத்துவமனை சேர்தலோ நேர்ந்தது. நோய் கண்ட ஓராண்டிற்குள் தாளத்தை மீட்க முயல்வது நன்மை தரும் என்று 2020-இல் 2,789 பேரைக் கொண்ட ஐரோப்பிய ஆராய்ச்சி கண்டது. ஆயினும் 2022-இல் 411 பேரைக் கொண்டு வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், அப்லேஷனின் மேன்மை ஐயமற நிறுவப்படவில்லை.

இவை ஒன்றோடொன்று முரணுவன போலத் தோன்றும். ஆயின், ஆராயப்பட்டோர் யாவர் என்று நோக்கின் முரண் பெரிதும் தணியும். காசில் ஆராய்ச்சியில் இருந்தோர் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவருடைய இடைநிலை வயது 64. இளமையும், நோயின் புதுமையும், மிக விரியாத மேலறையும் உடையார்க்கு அப்லேஷன் பெரும்பயன் தருதல் கூடும். நெடுங்காலம் உதறி மிக விரிந்த மேலறையிலோ தாளம் நிலைப்பது அரிது. இருமுறை செய்யவும் நேரும். சிலர்க்கு இதயத்தைச் சூழ்ந்து குருதி தேங்குதல் முதலிய இடர்களும் நேர்வதுண்டு. உற்றவன், நோய், காலம் என்னும் மூன்றையும் அளத்தல் வேண்டும் என்ற பழவிதி ஈண்டு எத்துணைப் பொருத்தமாகின்றது!

இம்மூன்று வினாக்களோடு தளர்ச்சிக்குரிய மருந்துகளையும் மறத்தலாகாது. இரத்தக்குழாயின் இறுக்கம் தளர்த்துவன, பீட்டா தடுப்பன, ஸ்பைரோனோலாக்டோன் இனம், நீரிழிவு மருந்தாகத் தோன்றிய டாபாக்ளிப்ளோசின் இனம் என்னும் நான்கும், வலி குறைந்த இதயமுடையார்க்கு இன்று தூண்களாகக் கொள்ளப்படுகின்றன. நான்காவது, நீரிழிவில்லாத தளர்ச்சியாளர்க்கும் உதவுவது என்பதை 4,744 பேரைக் கொண்ட ஆராய்ச்சி 2019-இல் மெய்ப்பித்தது. தேங்கிய நீரை வெளியேற்றும் மாத்திரை வேறு.

பாட்டனாரின் துணிவு

இனி எங்கள் வீட்டில் நிகழ்ந்ததைச் சொல்வேன். மருத்துவர் இவையனைத்தையும் பொறுமையோடு எடுத்துரைத்தபோது, என் சிற்றப்பா, 'செலவைப்பற்றிக் கவலை வேண்டா. அப்லேஷனே செய்துவிடுவோம்' என்றார். என் தந்தையார், 'இந்த வயதில் கம்பி செலுத்துவதா?' என்று அஞ்சினார். இருவரும் பாட்டனாரின் தலைக்கு மேலே வாதிட்டனரேயன்றி, அவரை ஒருவரும் வினவவில்லை. யானும் வினவவில்லை. சற்றுநேரம் கேட்டிருந்த பாட்டனார் கையை உயர்த்தினார். வகுப்பில் இரைச்சல் மிகும்போது உயர்த்துவாரே, அதே கை.

'டாக்டர், இதைச் செய்துகொண்டால் அன்று காலையில் நேர்ந்தது மீண்டும் நேராதா?' என்று கேட்டார்.

'அந்த உறுதி இதில் இல்லை, ஐயா. அதற்குரியது உறைவைத் தடுக்கும் மாத்திரையே. தாளம் மீண்டாலும் தங்களுக்கு அதை நிறுத்தமாட்டோம். இது மூச்சுக்கும் நடைக்கும் உதவலாம். தங்கள் மேலறை மிக விரிந்திருப்பதால், உதவும் என்று முடிவாகச் சொல்லமாட்டேன்' என்றார் மருத்துவர்.

அப்போது பாட்டனார் கூறியது என் உள்ளத்தில் பதிந்துளது. 'எனக்குச் சாவைப்பற்றி அச்சமில்லை. பேச்சில்லாமற் கிடப்பதுதான் அச்சம். பேச்சைக் காப்பதற்கு எதை விழுங்கவேண்டுமோ அதை முதலில் விழுங்குகின்றேன். மூன்று மாதம் மருந்துகளைச் சரியாகத் தின்று பார்ப்போம். பிறகு மற்றதைப் பேசலாம்.' ஒரு சொல்லில் அவர் மூன்று வினாக்களையும் பிரித்துத் தமக்குரிய வரிசையில் அடுக்கிவிட்டார். மருத்துவரும் இசைந்தார். வேறொருவர், மலையேறுதலையோ வயலில் உழைத்தலையோ பெரிதாகக் கொண்டவராயின், அதே மருத்துவரிடம் வேறு விடை பெற்றிருத்தல் கூடும், அதுவும் தவறாகாது.

வீட்டு ஒழுக்கம்

மருத்துவரைக் காணுவது திங்களுக்கு ஒருநாள். எஞ்சிய நாட்கள் வீட்டிற்கே உரியன. ஆதலின், துணை நிற்பவனையும் வள்ளுவர் மருத்துவத்தின் ஓருறுப்பாக எண்ணினார். எங்கள் வீட்டில் நடப்பதைச் சுருங்கச் சொல்வேன். காலையில் சிறுநீர் கழித்தபின், உண்பதற்கு முன் எடை பார்க்கின்றோம். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதையன்று, நீர். உடனே மருத்துவர்க்கு அறிவித்தல் வேண்டும். நாடியைக் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது ஒழுங்கற்ற நாடிக்கு ஒவ்வாது. முழு நிமிடம் எண்ணுகின்றோம். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குட்பட்டது. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் விடைபெற்றன. கருவாட்டிற்குப் பாட்டனார் உண்மையாகவே துக்கங்கொண்டாடினார். மூட்டுவலிக்குக் கடையிற் கேட்டு வாங்கும் வலிமாத்திரைகள் உப்பையும் நீரையும் தேக்கி, குருதிப்போக்கையும் மிகுவிப்பன ஆதலின் அவற்றைத் தொடுவதில்லை. நாட்டு மருந்தாயினும் மருத்துவரிடம் சொல்லியே உண்ணல் வேண்டும். மூச்சு இடந்தருமளவும் நாடோறும் நடத்தல் நன்று. முகம் கோணல், கை தளர்தல், பேச்சுக் குழறல் இவற்றுள் ஒன்று காணினும், தானே சரியாகும் என்று காத்திராது அக்கணமே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். சரியாகிவிட்டாலும் செல்லுதல் வேண்டும்.

பாட்டனார் பழைய வருகைப் பதிவேடு போலக் கோடிட்ட நோட்டு ஒன்று வைத்துளார். எடை, நாடி, மாத்திரை என மூன்று நிரல். தவறிய வேளைக்குச் சிவப்பு மையால் ஒரு சுழி. மூன்று மாதத்தில் ஒரே ஒரு சுழி உளது. உறவினர் திருமணத்திற்குச் சென்ற நாளில் நேர்ந்தது. அதனை அழித்துவிடலாமே என்று என் தங்கை சொன்னதற்கு, 'வராத பிள்ளையை வந்ததாக எழுதலாமா?' என்று கேட்டார்.

முடிப்பு

மூன்று மாதங் கழித்து எடுத்த எக்கோவில் 35 ஆக இருந்த எண் 42 ஆகியிருந்தது. நாடி இன்னும் ஒழுங்கற்றதே, உதறல் தீரவில்லை. ஆயினும் கால்வீக்கம் வடிந்தது. கட்டிலிற் படுத்து உறங்குகின்றார். வாய்க்காற் பாலம் வரை நடந்து மீளுகின்றார். அப்லேஷன் என்னும் வினா மூடப்படவில்லை. ஆறு திங்கள் கழித்து மீண்டும் பேசுவதாக உளது. அப்போது அவர் விடை மாறினும் மாறலாம். நோயோடு வாழ்தல் என்பது ஒருமுறை துணிந்து முடிப்பதன்று. மீண்டும் மீண்டும் அளந்து துணிவது.

இதனைப் படிக்கும் நண்பர்களை ஒன்று வேண்டுவேன். அடுத்த விடுமுறைக்கு வீடு செல்லுங்கால், வீட்டிலுள்ள முதியோர் மணிக்கட்டை ஒரு முழு நிமிடம் பிடித்துப் பாருங்கள். தாளம் தவறுமாயின் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் மாத்திரை ஏதேனும் கொடுப்பின், அஃது எதற்கு என்பதைக் கேட்டறிந்து முதியோர்க்கும் விளங்கச் சொல்லுங்கள். பல சிகிச்சைகள் இருப்பின், 'தாத்தா, உங்களுக்கு எது பெரிது?' என்று முதலில் அவரையே வினவுங்கள். யான் இவற்றை ஓராண்டு முன்னரே அறிந்திருந்தேனாயின், திண்ணையில் அன்று அச்செய்தித்தாள் நழுவியிராது. இப்பொழுது காலைதோறும் அது மீண்டும் உரக்கப் படிக்கப்படுகின்றது. அண்டை வீட்டு முதியோர் இருவரும் வந்து அமர்கின்றனர்.